லடாக்கில் பசுமைக்குடில்: நம்மூர்க்காரர்கள் கேட்டவை

லடாக்கின் லே நகர் பக்கம் ஆராய்ச்சிப் பசுமைக்குடில் கட்டும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டுக் காட்பாடிக்குத் திரும்பியவன் நான். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சத்துவாச்சாரி நண்பர்: அண்ணா, மைனஸ் 20 டிகிரியில் ஹீட்டர் இல்லாமல் செடி பிழைக்குமா?

பிழைக்கும். லே 3,500 மீட்டர் உயரம். குளிர் கடுமை, ஆனால் வருடத்தில் 300 நாளுக்குக் குறையாமல் வெயில். குடிலின் தெற்குப் பக்கம் மட்டும் பாலித்தீன். மற்ற மூன்று பக்கமும் கனமான மண்சுவர், நடுவே வைக்கோல் அடைப்பு. பகலில் வாங்கிய சூட்டை வடக்குச் சுவர் ராத்திரியில் விடும். டிசம்பர் மத்தியானத்தில் சூரியன் நமக்கு அடிவானத்திலிருந்து 54 டிகிரி உயரத்தில் இருக்கும். லேயில் 32 டிகிரிதான். அதனால் தெற்குச் சரிவு நம்மூரைவிடச் செங்குத்தாக நிற்கணும்.

ஆலங்காயம் ஆசிரியர்: நம்ம காவலூரில் தொலைநோக்கி வைத்தவர்களே லடாக்கின் ஹான்லேயிலும் வைத்திருக்கிறார்களே, அந்த வானம் குடிலுக்கும் நல்லதுதானே?

பகலுக்கு நல்லது சார், ராத்திரிக்குச் சத்துரு. மேகம் இல்லாவிட்டால் குடிலின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும். சூரியன் சாய்ந்ததும் பழைய பாராசூட் துணியை இழுத்து மூடுவது அங்கே தினசரி வேலை.

குடியாத்தம் மேஸ்திரி: ஹாலோ பிளாக் வைத்தால் வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும், ஆனால் உள்ளே காலியான கல் எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும்? தவிர, கலவையில் இருக்கும் தண்ணீர் உறைந்தால் சிமெண்ட் இறுகாது, பொலபொலவென உதிரும். மே முதல் செப்டம்பர் வரைதான் கட்டடக் காலம். காய்ந்த மண்கல் போதும், மேஸ்திரி.

வேளாண்மை மாணவி: ஆராய்ச்சிக் குடிலுக்கு என்ன வித்தியாசம், ஐயா?

இதைத்தான் எல்லோரும் கேட்டிருக்கணும்மா. விவசாயிக்கு விளைந்தால் சரி. உனக்கோ, எல்லாச் செடிக்கும் ஒரே குளிர் படணும். நான் முதலில் வைத்த தெர்மாமீட்டர் வடக்குச் சுவரோரம் இருந்தது. நல்ல எண்ணாகவே காட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் பாலித்தீன் ஓரத் தட்டைப் பார்த்தால், கீரை நாற்று வெந்த இலை மாதிரி துவண்டு கிடக்கிறது. பாலித்தீனின் உள்பக்கம் முழுக்கப் பனிப்பூ. அதே விதை, அதே மண், நாலு முழ தூரம்! ரகத்தின் குணம் என்று அதை எழுதியிருந்தால் மானம் போயிருக்கும். சுவரோரம், நடு, பாலித்தீன் ஓரம் என்று மூன்று இடத்தில் சென்சார் வை. ஒவ்வொரு ரகமும் மூன்று இடத்திலும் இருக்கட்டும். சென்சார்மேல் வெயில் நேரடியாக விழக்கூடாது, மேலே ஒரு மறைப்பு வேண்டும். அப்புறம், எவ்வளவு குளிரானாலும் மத்தியானம் ஜன்னலைத் திற. மூடியே வைத்தால் செடிகள் கரியமில வாயுவைத் தீர்த்துவிடும்.

ராணிப்பேட்டை நண்பர்: ஃபேன் நம்மூர்க் கணக்கில் வாங்கலாமா?

வேண்டாம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதே ஃபேன் சுற்றினாலும் வெளியே தள்ளும் சூடு குறைவு. ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

அணைக்கட்டு விவசாயி: நம்ம இலவம்பாடி முள்ளுக்கத்திரி வருமா?

கோடையில் குடிலுக்குள் முயற்சி செய்யலாம், அண்ணே. ஜனவரியில் ஆசைப்படாதீர்கள், அப்போது பாலக்கும் கொத்தமல்லியும்தான்.