மாண்டினீக்ரோ: 28-வது உறுப்பினர் ஆகுமா?

கேள்வி: பால்கன் நாடான மாண்டினீக்ரோவில் மொத்தமே ஆறேகால் லட்சம் பேர்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர 2012-ல் தொடங்கிய பேச்சுவார்த்தை இன்னும் ஏன் இழுக்கிறது?

பதில்: நாடு சிறியது என்பதற்காகச் சட்டப் புத்தகத்தின் பக்கங்கள் குறைவதில்லை. ஒன்றியத்தின் சட்டங்களை அத்தியாயங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பேசுகிறார்கள். மாண்டினீக்ரோவுக்கு 33 அத்தியாயங்கள். 2020 ஜூனுக்குள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். அதற்குள் மூடியதோ மூன்றே மூன்று. திறப்பதென்றால் பேச்சைத் தொடங்குவது, அவ்வளவுதான். மூட வேண்டுமானால் சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது, நடைமுறையில் ஓட வேண்டும்.

முட்டுக்கட்டை 23, 24-வது அத்தியாயங்களில்: நீதித்துறை, அடிப்படை உரிமைகள், ஊழல், திட்டமிட்ட குற்றங்கள். இவற்றின் இடைக்கால நிபந்தனைகளை நிறைவேற்றாமல் மேற்கொண்டு வேறு எதையும் மூட முடியாது. அங்கே சிக்கியது நியமனங்கள். அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு 7 நீதிபதிகள். அவர்களில் பெரும்பாலோரைத் தேர்ந்தெடுக்க, 81 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் முதல் சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு, அது கிடைக்காவிட்டால் அடுத்த சுற்றில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 49 வாக்கு வேண்டும். கட்சிகள் ஒத்துப்போகவில்லை. 2022 செப்டம்பரிலிருந்து ஐந்து மாதம் அந்த நீதிமன்றம், முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச நீதிபதிகள் இல்லாமல் முடங்கிக் கிடந்தது. உச்ச அரசு வழக்குரைஞர் பதவிக்கும் 2024 ஜனவரியில்தான் நிரந்தரமாக ஆள் கிடைத்தார். அதன்பிறகு, அதே ஆண்டு ஜூனில், நிபந்தனை நிறைவேறியதாக ஒன்றியம் ஒப்புக்கொண்டது.

கேள்வி: அங்கே ஏற்கெனவே யூரோதானே புழங்குகிறது?

பதில்: புழங்குகிறது, ஆனால் யாரையும் கேட்டு எடுத்துக்கொண்டதல்ல. ஜெர்மன் மார்க்கைப் பயன்படுத்தி வந்தவர்கள் 2002-ல் யூரோவுக்கு மாறினார்கள். நோட்டு அடிக்கும் உரிமை இல்லை, ஐரோப்பிய மத்திய வங்கியில் இடமும் இல்லை. நெருக்கடி வந்தால் கடன்தான் வழி. செர்பியத் தலைநகர் பெல்கிரேடு நோக்கிப் போகும் நெடுஞ்சாலையின் முதல் 41 கிலோமீட்டருக்கு சீனாவின் எக்ஸிம் வங்கியிடம் 94.4 கோடி டாலர் வாங்கினார்கள். வருமானம் யூரோவில், கடன் டாலரில்!

கேள்வி: 2028-ல் சேர்ந்துவிடுவோம் என்கிறார்களே, நடக்குமா?

பதில்: 2026 முடிவதற்குள் எல்லா அத்தியாயங்களையும் மூடுவது அரசின் இலக்கு. 2025 முடிவில் 12 மூடியிருந்தார்கள், மீதி 21. ஒரே ஆண்டில் அத்தனையும் என்பது பேராசை என்றே படுகிறது. குறிப்பாக 27-வது, சுற்றுச்சூழல். கழிவுநீர் சுத்திகரிப்பு, குப்பை, பிலெவ்லியாவின் நிலக்கரி அனல்மின் நிலையம் எல்லாமே பணம் விழுங்குபவை.

அண்டை வீட்டார் விவகாரமும் உண்டு. ஒவ்வோர் அத்தியாயத்தையும் மூட 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். 2024 டிசம்பரில் 31-வது அத்தியாயத்தை (வெளியுறவு, பாதுகாப்பு) மூட விடாமல் குரோஷியா தடுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது குரோஷியாவில் இயங்கிய யாசெனோவாட்ஸ் வதைமுகாம் பற்றி மாண்டினீக்ரோ நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தால் வந்த கோபம் ஒருபுறம். 'யாத்ரான்' பயிற்சிக் கப்பல் யாருக்குச் சொந்தம் என்ற பழைய தகராறு மறுபுறம்.

எல்லாம் மூடிய பிறகும் ஒப்பந்தத்துக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் இசைவும், 27 நாடுகளின் ஒப்புதலும் தேவை. குரோஷியா 2011 ஜூனில் பேச்சை முடித்து 2013 ஜூலையில்தான் உள்ளே வந்தது. அந்தக் கணக்குப்படி, மாண்டினீக்ரோ 2026-ஐத் தவறவிட்டால் 2028-ம் கைநழுவும்.