மிதக்கிறார்களா, விழுகிறார்களா?

கேள்வி: விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசையே இல்லை, அதனால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள் என்கிறார்கள். அப்படியென்றால் நிலையம் பூமியை விட்டு ஓடிப்போகாமல் எப்படிச் சுற்றுகிறது?

பதில்: சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். ஈர்ப்பு இல்லை என்பதே தப்பு. நிலையம் பறப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். அங்கேயும் தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீத ஈர்ப்பு இருக்கிறது.

நிலையம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் நொடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடியபடி விழுவதால், அது கீழே இறங்கும் அளவுக்குப் பூமியின் தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. நிலையம், வீரர், அவர் கையிலிருந்து நழுவிய ஸ்பூன் எல்லாம் ஒன்றாக விழும்போது எது எதன்மேல் அழுத்தும்?

நம்பிக்கை வரவில்லையா? பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கம் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைக் கழற்றிவிட்டுப் பிடியுங்கள், ஒழுகும். அப்படியே கையை விடுங்கள். விழுகிற அந்தக் கொஞ்ச நேரம் ஒழுகல் நின்றுவிடும். (வெளியே வைத்துச் செய்யுங்கள், வீட்டில் திட்டு வாங்கிக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை.)

கேள்வி: ராக்கெட் கிளம்பியதும் ஏன் சாய்கிறது?

பதில்: அந்தப் பக்கவாட்டு வேகத்துக்காகத்தான். நேராக மேலேயே போய் 400 கிலோமீட்டரில் எஞ்சினை அணைத்தால், அப்புறம் நேராகக் கீழே வரவேண்டியதுதான்.