ரத்தச் செல் படத்தில் மலேரியா: நீங்கள் கேட்டவை

27,558 செல் படங்கள் உள்ள பொதுத் தொகுப்பை வைத்து, மலேரியா இருக்கிறதா என்று சொல்லும் கணினி மாடலைப் பயிற்றுவித்தேன், 98 சதவீதம் சரியாகச் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் பயன்படுத்தலாமா? (மாணவர், பெட்டாலிங் ஜெயா)

சந்தோஷம் தம்பி, ஆனால் படங்களைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் எப்படிப் பிரித்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். அந்தத் தொகுப்பு வங்காளதேசத்தின் சிட்டகாங்கில் மலேரியா வந்த 150 பேர், நலமாயிருந்த 50 பேர் ஆகியோரின் ஸ்லைடுகளை, மைக்ரோஸ்கோப்பில் கைப்பேசியை மாட்டிப் படமெடுத்து, செல் செல்லாக வெட்டியது. மொத்தமாகக் குலுக்கிப் பிரித்திருந்தால் ஒரே ஆளின் செல்கள் பயிற்சியிலும் இருக்கும், சோதனையிலும் இருக்கும். அதே சாயம், அதே வெளிச்சம். கேள்வித்தாளை முதல் நாளே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதின கதைதான். ஆள்வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டிப் பாருங்கள், மதிப்பெண் இறங்கினால் பயப்படாதீர்கள், அதுதான் நிஜம்.

அப்புறம் இந்தக் கணக்கையும் போடுங்கள். ஒரு ஸ்லைடில் 5,000 சிவப்பணுக்கள், ஆயிரத்துக்கு ஒன்றில் ஒட்டுண்ணி என்றால் மொத்தம் 5. நல்ல செல்லில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் மாடல் தப்பாகக் கைகாட்டுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 50 நல்ல செல்களை நோய் என்று சொல்லிவிடும். உங்கள் தொகுப்பில் நோயுள்ளதும் இல்லாததும் பாதிக்குப் பாதி, அதனால் இது கண்ணில் படாது.

நோயில்லாத செல்லையும் நோய் என்கிறதே, ஏன்? (பினாங்கு)

எனக்கும் நடந்தது. ஒரு செல்லை மட்டும் விடாப்பிடியாக நோய் என்றது. எந்த இடத்தைப் பார்த்துச் சொல்கிறது என்று வண்ணமிட்டுப் பார்த்தால், சிவப்பணுவின் மேல் ஒரு தட்டணு (ரத்தம் உறைய உதவும் சின்ன அணு) ஏறி உட்கார்ந்திருந்தது. ஸ்லைடுக்குப் போடும் ஜீம்சா சாயத்தின் துகள் படிந்தாலும் இதே கூத்துதான். இப்படிப்பட்ட படங்களைத் தேடிச் சேர்த்து, சரியாகப் பெயரிட்டுப் பயிற்சியில் போடுங்கள்.

நம் நாட்டுக் குரங்கு மலேரியாவைக் கண்டுபிடிக்குமா? (செந்தூல்)

ஏதோ இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லும், எந்த வகை என்று சொல்லாது, ஏனென்றால் அந்தத் தொகுப்பில் அது பார்த்த ஒட்டுண்ணியெல்லாம் ஃபால்சிபாரம் என்ற ஒரே வகை. இங்கே மலேசியாவில் தொல்லை கொடுப்பது குரங்கிலிருந்து கொசு வழியே வரும் நோலெசி என்ற வகை. மைக்ரோஸ்கோப்பில் இது சரியான வேஷக்காரன்: இளம் பருவத்தில் ஃபால்சிபாரம் போல, முதிர்ந்ததும் ‘மலேரியே’ என்ற இன்னொரு ஒட்டுண்ணி வகை போல இருக்கும். சரவாக்கின் காப்பிட்டில் மலேரியே என்று எழுதப்பட்ட பலருக்கு உண்மையில் இருந்தது நோலெசி என்று ஆய்வாளர் பல்பீர் சிங் குழுவினர் 2004இல் வெளியிட்டார்கள், அதுவும் ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. பழகிய கண்ணே ஏமாறுகிற இடம் இது. ஸ்லைடைப் பார்த்த ஒருவரின் பெயரிடலை மட்டும் நம்பிப் பயிற்றுவித்தால் அவருடைய தப்பையும் மாடல் சேர்த்தே படிக்கும், அதனால் நோலெசி படங்களைச் சேர்ப்பவர்கள் பிசிஆர் முடிவோடு சேருங்கள்.

மகன் சபாவில் காட்டுவேலை முடித்து வந்ததிலிருந்து காய்ச்சல். கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாமா? (கிள்ளான்)

வேண்டாம் அக்கா, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. சபாவில் காட்டுக்குள் இருந்தான் என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள், கோலாலம்பூர்ப் பக்கம் காய்ச்சல் என்றாலே எல்லாருக்கும் டெங்கிதான் முதலில் நினைவுக்கு வரும். முதல் ஸ்லைடில் ஒன்றுமில்லை என்றாலும் காய்ச்சல் விடாவிட்டால் திரும்பவும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.