அடிக்கடி வெள்ளம் வரும் சென்னைப் புறநகரில் குறைந்த செலவில் தாக்குப்பிடிக்கும் வீடு கட்ட முடியுமா?

முடியும். அரை கிரவுண்டு மனையை வாங்கிவிட்டு, மழையில் போய்ப் பார்த்து வயிற்றில் புளி கரைந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் இன்ஜினியர் இல்லை, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் வீடு கட்டியவன், அவ்வளவுதான். திட்ட நினைப்பவர்கள் 2015 வெள்ளத்தில் இங்கே இருந்திருந்தால் மட்டும் திட்டுங்கள்.

அந்த டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். தண்ணீர் முதலில் வந்தது வாசல் வழியாக அல்ல, கழிவறைக் கோப்பை வழியாக. வடிந்தபின் பார்த்தால் சுவருக்கு ஒன்றுமில்லை. போனதெல்லாம் பிளைவுட் அலமாரி, கதவு, ஒயரிங்.

அதனால் சொந்த வீட்டில் இவற்றுக்காகத்தான் மேஸ்திரியோடு மல்லுக்கட்டினேன். பேஸ்மட்டம் சாலையிலிருந்து ஐந்தடி. சமையலறையில் மாடுலர் கிடையாது, கடப்பா கல் அலமாரி. குளியலறைக்கு பிவிசி கதவு. ஸ்விட்ச் போர்டெல்லாம் இடுப்புக்கு மேலே. சம்ப் மூடியை எழுப்பிக் கட்டி, செப்டிக் டேங்க் குழாயில், தண்ணீர் திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தோம். கிராவல் கொட்டிய செலவை முகப்பு டைல்ஸிலும் ஃபால்ஸ் சீலிங்கிலும் மிச்சம் பிடித்தேன். மண் கொட்டி உயர்த்தினால் பக்கத்து மனையில் தண்ணீர் நிற்கும் என்பீர்கள். உண்மைதான். கையில் காசிருந்தால் தூண்மேல் நிறுத்திக் கீழே திறந்து விடுங்கள், என்னிடம் இல்லை.

என் மச்சானும் அப்போதுதான் கட்டினார், சாலைக்கு ஓரடி மேலே. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் அங்கே முகப்பைப் பார்த்து "எலிவேஷன் பிரமாதம்" என்றார்கள். எங்கள் வீட்டில் "இத்தனை படியா, அம்மாவுக்கு மூட்டுவலி ஆச்சே" என்றார்கள். 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே ஆட்கள் பையோடு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அன்றைக்கு யாருக்கும் மூட்டு வலிக்கவில்லை. மச்சான் இன்னும் அந்த எலிவேஷன் படத்தைத்தான் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறார், அது வேறு கதை.

அப்புறம், என் ஐந்தடி இப்போது ஐந்தடி இல்லை. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் சாலை போடவேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-லேயே உத்தரவு போட்டார். எங்கள் தெருவில் அதற்குப் பிறகும் பழைய தார் மேலேயே போட்டுச் சாலையை உயர்த்திவிட்டார்கள். கேட்டால் காண்ட்ராக்டரைக் கேள் என்கிறார்கள், காண்ட்ராக்டர் போனையே எடுப்பதில்லை. ஆகவே உங்கள் தெருவின் பழைய வீடுகளில் வாசற்படி எவ்வளவு புதைந்திருக்கிறது என்று அளந்து பார்த்து, அதையும் பேஸ்மட்டத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.