குடியை நிறுத்திய பிறகு தியானம்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்

கேள்வி: 14 ஆண்டுகள் குடித்தேன். மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை பெற்று, குடியை விட்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. நண்பர் ஒருவர் சொன்னதால் தினமும் மாலையில் தியானம் செய்ய உட்காருகிறேன். கண்ணை மூடியதும் குடி நினைப்புத்தான் முதலில் வருகிறது. தியானம் எனக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: விட வேண்டியதில்லை, ஆனால் தியானத்திடம் நீங்கள் எதிர்பார்ப்பது மாற வேண்டும். மாலை நேரம் என்பது 14 ஆண்டுகளாக உங்கள் உடல் குடியை எதிர்பார்த்துப் பழகிய நேரம். அந்த நேரத்தில் வேலை, பேச்சு, கைபேசி எதுவும் இல்லாமல் உட்கார்ந்தால், அதுவரை அவற்றின் இரைச்சலில் அமுங்கிக் கிடந்த ஆசை வெளியே தெரியத்தான் செய்யும். தியானம் அதை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை நீங்கள் இப்போதுதான் கவனிக்கிறீர்கள். கவனிக்காமல் போகும் ஆசைதான், ‘எப்படி உள்ளே போனேன் என்றே தெரியவில்லை’ என்று பலர் பின்னால் சொல்லும்படி, கால்களை மதுக்கடைப் பக்கம் திருப்பிவிடுகிறது.

அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஆலன் மார்லட், குடியை விட்டவர்கள் மீண்டும் குடிக்கத் தொடங்குவது ஏன் என்பதை நீண்ட காலம் ஆராய்ந்தவர். குடிக்கும் ஆசையை அவர் கடல் அலையாகப் பார்த்தார்: அது எழும்பும், உச்சத்துக்குப் போகும், தானாகவே இறங்கும். குடித்தால்தான் ஆசை தணியும் என்று நம்புகிறவருக்கு இந்த இறக்கத்தைப் பார்க்கும் வாய்ப்பே கிடைத்திருக்காது, ஏனென்றால் உச்சத்துக்குப் போகும் முன்பே அவர் குடித்துவிட்டிருப்பார். பெரும்பாலான நேரங்களில் அரை மணி நேரத்துக்குள் ஆசையின் வேகம் குறைந்துவிடுகிறது.

ஆகவே நினைப்பு வரும்போது அதை விரட்டாதீர்கள், அதனுடன் வாதமும் செய்யாதீர்கள். அது உடலில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தொண்டை வறள்கிறதா, நெஞ்சு இறுகுகிறதா, வாயில் எச்சில் ஊறுகிறதா, கை பரபரக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அது கூடுகிறதா குறைகிறதா என்பதை மட்டும் மூச்சோடு சேர்த்துக் கவனியுங்கள். கண்ணை மூடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. திறந்த கண்களுடன், தரையில் பதிந்திருக்கும் பாதங்களைக் கவனித்துத் தொடங்குவது புதியவர்களுக்கு எளிது. ஆசை தலைதூக்காத காலை வேளையிலும் பத்து நிமிடங்கள் பழகுங்கள், ஏனென்றால் நெருக்கடி நேரத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. பழைய கொடுமையான நினைவுகள் கிளம்பி உடல் நடுங்கினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, உங்கள் ஆலோசகரிடம் அதைச் சொல்லுங்கள்.

மார்லட்டும் அவருடைய குழுவினரும் இதை எட்டு வாரப் பயிற்சியாக வகுத்தார்கள். குடி, போதைப் பழக்கங்களுக்கான முதற்கட்ட சிகிச்சையை முடித்த 286 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான குழுக் கூட்டங்கள், இன்னொரு பிரிவினருக்கு மீண்டும் சறுக்காமல் இருப்பதற்கான உளவியல் பயிற்சி, மூன்றாம் பிரிவினருக்கு அதே பயிற்சியுடன் தியானம். ஆறு மாத முடிவில் பயிற்சி பெற்ற இரு பிரிவினருமே வழக்கமான முறையில் இருந்தவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள்; தியானப் பிரிவினர் போதைப்பொருள் பயன்படுத்திய நாட்கள் மற்ற இரு பிரிவினரையும்விடக் குறைவு என்பது ஓராண்டு முடிவில்தான் தெரிந்தது. எல்லா ஆய்வுகளும் இவ்வளவு தெளிவான பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும், இதன் பலன் தாமதமாகவே தெரியவரும் என்பது என் நோயாளிகளிடமும் நான் காண்பதுதான்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். மனம் உறுதியாகிவிட்டதா என்று சோதித்துப் பார்க்க டாஸ்மாக் இருக்கும் தெரு வழியாகப் போகாதீர்கள். சுற்றிப் போனாலும் வேறு தெருவில் போங்கள்.

கேள்வி: குடியை நிறுத்த மாத்திரை சாப்பிட்டு வந்த என் கணவர், யோகா வகுப்பில் சேர்ந்த பிறகு இனி மாத்திரை வேண்டாம் என்கிறார். பத்து நாள் மௌன தியான முகாமுக்குப் போகவும் திட்டமிடுகிறார். இன்னும் தினமும் குடிக்கும் என் கொழுந்தனையும் உடன் அழைத்துப் போகப் போகிறாராம். சரிதானா?
- வாசகி, சேலம்

பதில்: முதலில் உங்கள் கொழுந்தனைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து அவருக்குத்தான். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும், இல்லாததைக் காண்பதும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் இல்லாத முகாமில், யாருடனும் பேசக் கூடாது என்ற விதியின்கீழ் அவர் இருக்கவே கூடாது. மருத்துவமனையில் நடுக்கத்துக்கான மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து அந்த நாட்களைக் கடக்கச் செய்ய வேண்டும். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால், போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446-ஐ அழையுங்கள்.

உங்கள் கணவர் யோகா வகுப்பைத் தொடரட்டும். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குடி நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி அளித்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வும் மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் ஹார்மோனும் குறைந்தன. ஆனால் அங்கேயும் குடியின் நச்சு நீக்கும் சிகிச்சை முடிந்த பிறகுதான் பயிற்சி தொடங்கியது. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் ஆசையின் வேகத்தைக் குறைப்பவை; அவை தியானத்துக்குத் தடை அல்ல, ஆசை குறைவாக இருக்கும்போது அதைக் கவனிக்கப் பழகுவதுதான் எளிது. எதை எப்போது நிறுத்துவது என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே பேசி முடிவு செய்யுங்கள். பத்து நாள் முகாமுக்கு இப்போது அவசரம் இல்லை. என்றாவது போவதாக இருந்தால், விண்ணப்பத்தில் குடியைப் பற்றியும் மாத்திரைகளைப் பற்றியும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். கஞ்சாவால் மனம் குழம்பியவர்களும், காதில் குரல் கேட்ட வரலாறு உள்ளவர்களும் இத்தகைய நீண்ட முகாம்களைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: தூக்க மாத்திரைப் பழக்கத்திலிருந்து மருத்துவர் உதவியுடன் மீண்டுவருகிறேன். தினமும் ஜெபமாலை சொல்கிறேன். தனியாகத் தியானமும் வேண்டுமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: கட்டாயம் இல்லை. குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பதற்காக 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு வகுத்த, மீள்வதற்கான 12 படிகளில் பதினோராவது படியே ஜெபத்தையும் தியானத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஜெபமாலையின் மணிகளை விரல் நகர்த்துவதை உணர்ந்து, ஒவ்வொரு மணிக்கும் ஒரு மூச்சு விட்டு மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மனம் மாத்திரைப் பக்கம் போனால், போனதைக் கவனித்துவிட்டு அடுத்த மணிக்கு வாருங்கள். மாத்திரையின் அளவு இன்னும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருகிறது என்றால், நன்றாகத் தூங்கிய இரண்டு இரவுகளை நம்பி நீங்களாகவே அதை வேகமாகக் குறைத்துவிடாதீர்கள். அதனாலும் வலிப்பு வரக்கூடும்.