கல்லூரி கோல்ஃப் முடிவுப் பட்டியலில் ஐந்தாவது பெயரைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகருக்கு அருகில் வசிக்கிறோம். பதினோராம் வகுப்பை முடிக்கவிருக்கும் எங்கள் மகள் சில ஆண்டுகளாகக் கோல்ஃப் ஆடி வருகிறாள். ஜூனியர் போட்டிகளில் 18 குழிகள் கொண்ட ஒரு சுற்றுக்கு அவளுடைய சராசரி 79 அடிகள். இரண்டு கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் அவளிடம் ஆர்வம் காட்டியிருக்கிறார்கள். முதல் கல்லூரி இந்தப் பருவத்தில் தன் கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழுமம்) இரண்டாம் இடம் பெற்றது. அதன் மாணவிகள் மூவர் ‘ஆல்-கான்ஃபரன்ஸ் முதல் அணி’யில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் ‘ஆண்டின் சிறந்த வீராங்கனை’. வேறொரு கான்ஃபரன்ஸில் ஆடும் இரண்டாவது கல்லூரிக்கு ஆறாம் இடம்தான் கிடைத்தது, விருது ஒன்றும் இல்லை. இவ்வளவு விருதுகள் பெற்ற அணியில் எங்கள் மகளுக்கு ஆட வாய்ப்பே கிடைக்காது, இரண்டாவது கல்லூரியே ஏற்றது என்று நினைக்கிறோம். சரிதானா?

பதில்: நீங்கள் சொல்லும் விவரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், உண்மை அதற்கு நேர்மாறாக இருக்கவும் கூடும். விருதுப் பட்டியல் ஓர் அணியின் உச்சியில் இருப்பவர்களைக் காட்டுகிறது. உங்கள் மகள் போட்டியிடப்போவது அந்த உச்சிக்காக அல்ல, அணியின் கடைசி இடத்துக்காக. அந்தக் கடைசி இடத்தில் ஆடுபவர் எத்தனை அடிகளில் சுற்றை முடிக்கிறார் என்பதை எந்த விருதுச் செய்தியும் சொல்லாது. போட்டியின் முழு முடிவுப் பட்டியல்தான் சொல்லும்.

கல்லூரி கோல்ஃபில் ஒவ்வோர் அணியும் ஒரு போட்டிக்கு ஐந்து பேரை இறக்கும். கோல்ஃபில் அடிகள் குறையக் குறைய நல்லது என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் மிகக் குறைந்த நான்கு ஸ்கோர்கள் மட்டும் அணியின் கணக்கில் சேரும், ஐந்தாவது ஸ்கோர் விடப்படும். கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் என்பது பெரும்பாலும் ஏப்ரல் மாதப் பிற்பகுதியில் மூன்று சுற்றுகளாக, அதாவது 54 குழிகளாக, நடக்கும் போட்டி. பார் (தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு சுற்றை முடிக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை) 72 உள்ள மைதானத்தில் நான்கு பேர் சரியாகப் பார் எடுத்தால் அணியின் ஒரு சுற்றுக் கணக்கு 288. ஆகவே 303 என்று பார்த்தால் அந்த அணி அன்று பாரைவிட 15 அடிகள் கூடுதலாக ஆடியிருக்கிறது என்று பொருள்.

கணக்கு புரிவதற்காக இரண்டு கற்பனை அணிகளை எடுத்துக்கொள்வோம். முதல் அணியின் ஐவர் ஒரு சுற்றில் 72, 73, 75, 83, 86 எடுக்கிறார்கள். 86 விடப்பட்டு அணியின் கணக்கு 303 ஆகிறது. இரண்டாவது அணியின் ஐவர் 74, 75, 75, 76, 77 எடுக்கிறார்கள்; 77 விடப்பட்டு கணக்கு 300. மிகக் குறைந்த ஸ்கோர் எடுத்து விருதுக்கு முன்னிற்கும் இருவரும் முதல் அணியில்தான் இருக்கிறார்கள். ஆனால் அணியாக ஆடும்போது வெல்வது இரண்டாவது அணி. உங்கள் மகளின் கண்ணோட்டத்தில் இன்னும் முக்கியமான வேறுபாடு கடைசி வரியில் இருக்கிறது: முதல் அணியில் ஐந்தாவது இடத்தைப் பிடிக்க 86 எடுப்பவரை முந்தினால் போதும், இரண்டாவது அணியில் 77 எடுப்பவரை முந்த வேண்டும். எந்த விருதும் வாங்காத அணியில் இடம் பிடிப்பதே கடினம் என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. உங்கள் இரண்டு கல்லூரிகளும் இந்த வார்ப்பில்தான் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய இடம் எது என்றுதான் சொல்கிறேன்.

அடுத்து, மகளின் 79-ஐயும் கல்லூரி வீராங்கனையின் ஸ்கோரையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். பெண்கள் கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் 6,000 யார்டுக்கு மேற்பட்ட தூரத்தில் அமைக்கப்படுகின்றன. பள்ளிப் பருவப் போட்டிகள் பல அதைவிடக் குறைந்த தூரத்தில் நடக்கின்றன. முதல் நாளிலேயே பையைத் தாங்களே சுமந்துகொண்டு 36 குழிகள் ஆடவேண்டிய போட்டிகளும் உண்டு. மைதானங்களுக்கு இடையிலான வேறுபாட்டைச் சமன் செய்ய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மைதானத்துக்கும், அதில் ஆடத் தொடங்கும் ஒவ்வொரு டீ-க்கும், கோர்ஸ் ரேட்டிங் என்றும் ஸ்லோப் என்றும் இரண்டு எண்கள் உண்டு. முன்னது தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய ஸ்கோர்; பின்னது சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் ஒப்பீட்டளவில் எவ்வளவு கடினம் என்பதன் அளவு. ஸ்லோப் 55 முதல் 155 வரை இருக்கலாம். நடுத்தர மைதானத்துக்கு 113. ஸ்கோரிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழித்து, வருவதை 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை வெவ்வேறு மைதானங்களுக்கிடையே நியாயமாக ஒப்பிடலாம். ஓர் ஆட்டக்காரரின் திறனை ஒரே எண்ணால் காட்டும் ஹேண்டிகேப் கணக்கின் அடிப்படையும் இதுவே.

மகளின் 79, ரேட்டிங் 70.4, ஸ்லோப் 121 உள்ள மைதானத்தில் வந்தது என்று வைத்துக்கொண்டால் அதன் மதிப்பு 8.0. முன் சொன்ன கற்பனை அணிகள் ரேட்டிங் 74.6, ஸ்லோப் 134 உள்ள மைதானத்தில் ஆடின என்று கொண்டால், அங்கே எடுத்த 83-இன் மதிப்பு 7.1; அதாவது பார்வைக்கு மோசமாகத் தெரியும் 83 உண்மையில் 79-ஐவிட நல்ல ஆட்டம். 86-இன் மதிப்பு 9.6, 77-இன் மதிப்பு 2.0. இந்த அளவில் உங்கள் மகள் முதல் அணியின் நான்காவது, ஐந்தாவது ஆட்டக்காரர்களுக்கு நடுவே நிற்கிறாள். இரண்டாவது அணியின் ஐந்தாமவரிலிருந்து ஆறு அடிகள் பின்னால் இருக்கிறாள். ஒரே ஒரு சுற்றை வைத்து இப்படி முடிவு செய்துவிடக் கூடாது. பருவம் முழுவதிலும் குறைந்தது ஐந்தாறு போட்டிகளின் பட்டியல்களை எடுத்து, இரண்டு கல்லூரிகளுக்கும் நான்காவது, ஐந்தாவது இடங்களின் மதிப்பை இதே முறையில் கணக்கிடுங்கள். ஒரு மாலைப் பொழுதின் வேலைதான், ஆனால் எந்தக் கல்லூரிச் சிற்றேடும் தராத தெளிவை அது தரும்.

பட்டியலைப் படிக்கும்போது சில பெயர்களுக்கு அருகில் ‘தனிநபர்’ என்ற குறி இருக்கும். அவர்கள் அணியின் ஐவரில் சேராமல், தனியாக ஆட அனுமதிக்கப்பட்டவர்கள். அவர்களுடைய ஸ்கோர் அணியின் கணக்கில் சேராது. பயிற்சியாளர் ஆறாவது, ஏழாவது மாணவிகளுக்கும் போட்டி அனுபவம் கிடைக்கச் செய்கிறாரா என்பதை இந்தக் குறியிலிருந்து அறியலாம். அணியில் உடனே இடம் கிடைக்காத முதலாண்டு மாணவிக்கு இது பெரிய விஷயம் என்பதால் நான் எப்போதும் இதைத் தேடிப் பார்ப்பேன்.

இனி விருதுகளுக்கு வருவோம். ‘ஆல்-கான்ஃபரன்ஸ் முதல் அணி’ என்பது எந்தக் கல்லூரியின் அணியும் அல்ல. கான்ஃபரன்ஸில் உள்ள எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து வெளியிடும் கௌரவப் பட்டியல். சில கான்ஃபரன்ஸ்களில் பயிற்சியாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிலவற்றில் சாம்பியன்ஷிப் போட்டியில் பெற்ற இடமே அதைத் தீர்மானிக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. முன்னது மாதக்கணக்கான ஆட்டத்துக்குக் கிடைப்பது. பின்னது மூன்று நாள் நல்ல ஆட்டத்துக்கும் கிடைக்கக்கூடியது. ‘ஆண்டின் சிறந்த வீராங்கனை’ பொதுவாகப் பருவம் முழுவதற்குமான விருது, ‘தனிநபர் சாம்பியன்’ அந்த ஒரு போட்டியில் முதலிடம் பெற்றவர். ‘சிறந்த முதலாண்டு மாணவி’, ‘சிறந்த புதுவரவு’ என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, ஏனெனில் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்த மூத்த மாணவியும் புதுவரவாகக் கணக்கிடப்படலாம். புதுவரவு விருதுகள் அடிக்கடி ஒரே கல்லூரிக்குப் போகின்றன என்றால், அந்தப் பயிற்சியாளர் பள்ளி மாணவிகளை வளர்ப்பதைவிட வேறு கல்லூரிகளிலிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்களை அழைத்து வருவதை விரும்புகிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தனிநபர் வெற்றியும் அணி வெற்றியும் தனித்தனிப் பாதைகளில் செல்பவை என்பதற்கு மேல்மட்டத்திலேயே சான்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரோஸ் ஜாங் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தனிநபர் பட்டத்தை வென்றார். 2022-இல் அணிப் பட்டமும் ஸ்டான்ஃபோர்டுக்குக் கிடைத்தது; 2023-இல் அது வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

‘இரண்டாம் இடம்’, ‘ஆறாம் இடம்’ என்பவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கான்ஃபரன்ஸில் பெற்ற இடம் அந்தக் கான்ஃபரன்ஸுக்குள் மட்டுமே பொருள் தரும். சவுத்ஈஸ்டர்ன் போன்ற வலுவான கான்ஃபரன்ஸில் ஆறாவதாக வரும் அணி, பல சிறிய கான்ஃபரன்ஸ்களில் எளிதாக முதலிடம் பெறும். அதற்காகச் சிறிய கான்ஃபரன்ஸைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. கலிஃபோர்னியாவின் மாலிபுவில் உள்ள பெப்பர்டைன் பல்கலைக்கழகம் கோல்ஃபில் பெரிதாகப் பேசப்படாத வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸைச் சேர்ந்தது. அதன் ஆண்கள் அணி 2021-இல் இறுதிப் போட்டியில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை வீழ்த்தி என்.சி.ஏ.ஏ. பட்டத்தை வென்றது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சாஹித் தீகலா ஆடியதும் அங்கேதான். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பருவம் பாதியில் நின்று, சாம்பியன்ஷிப் போட்டிகளே நடக்காத ஆண்டில், அதுவரை ஆடிய ஆட்டத்துக்காகவே, கல்லூரி ஆண்கள் கோல்ஃபின் ஆண்டுச் சிறந்த வீரருக்கான ஹாஸ்கின்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. பருவ விருது எதை அளக்கிறது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கான்ஃபரன்ஸ் பட்டம் வெல்லும் அணிக்கு, அந்தக் கான்ஃபரன்ஸுக்குத் தானியங்கித் தகுதி இருந்தால், மே மாதம் நடக்கும் மண்டலப் போட்டிகளில் நேரடி இடம் உண்டு. என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளின் மூன்று மட்டங்களில் உயர்ந்ததான முதல் டிவிஷனில், பெண்கள் பிரிவில் 72 அணிகள் ஆறு மண்டலங்களில் ஆடி, மண்டலத்துக்கு ஐந்து வீதம் 30 அணிகள் தேசிய இறுதிக்குச் செல்கின்றன. பெரிய கான்ஃபரன்ஸில் பட்டம் வெல்லாத அணிகளும் தரவரிசையால் உள்ளே வரலாம்; சிறிய கான்ஃபரன்ஸில் பெரும்பாலும் முதலிடம் ஒன்றே வாசல். தேசிய மேடையில் ஆட வேண்டும் என்பது மகளின் கனவானால், முதல் கல்லூரியின் இரண்டாம் இடத்தைத் தொடர்ந்து அந்த அணி மே மாதத்தில் எங்காவது ஆடியதா என்று பாருங்கள்.

பழைய ஆண்டுகளின் முடிவுகளை ஒப்பிடும்போது இன்னோர் எச்சரிக்கை தேவை. 2024-இல் கான்ஃபரன்ஸ்களின் உறுப்பினர் வரிசை பெரிதும் மாறியது: பசிபிக்-12 கான்ஃபரன்ஸ் ஏறக்குறைய கலைந்து, ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா (பெர்க்லி) பல்கலைக்கழகங்கள் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸுக்கும், யூ.சி.எல்.ஏ., தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் பிக் டென் கான்ஃபரன்ஸுக்கும் சென்றன. டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. ஒரு கல்லூரி 2023-இல் மூன்றாவதாக வந்து 2025-இல் ஏழாவதாக வந்திருந்தால் அணி தளர்ந்துவிட்டது என்று கருதிவிடாதீர்கள். எதிரில் நின்றவர்கள் மாறியிருக்கலாம்.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான விவரம், வீராங்கனைகளின் பெயருக்கு அருகில் இருக்கும் கல்வியாண்டு. பதினோராம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகள் கல்லூரியில் சேரும்போது, இன்று முதலாண்டில் இருப்பவர்கள் மூன்றாம் ஆண்டிலும், இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள் இறுதி ஆண்டிலும் இருப்பார்கள். இன்றைய மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகள் வழக்கமான கணக்கின்படி வெளியேறியிருப்பார்கள். விருது பெற்ற மூவரும் மூத்தவர்கள் என்றால், அந்த மூன்று இடங்களும் காலியாகும். மூவரும் முதலாண்டு என்றால், அவர்களோடு இரண்டு ஆண்டுகள் ஆட வேண்டியிருக்கும். தன்னைவிட நன்றாக ஆடுபவர்களோடு தினமும் பயிற்சி செய்வது வளர்கிற ஒரு மாணவிக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பு என்பது என் உறுதியான கருத்து. அதை ஒரு குறையாகக் கருத வேண்டாம்.

உதவித்தொகையை விருதுகளிலிருந்து ஊகிக்க முடியாது. மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளிலும், ஹார்வர்டு, யேல் போன்றவை அடங்கிய ஐவி லீகிலும் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. முதல் டிவிஷனில் பெண்கள் கோல்ஃபுக்கு நீண்ட காலம் அணிக்கு 6 முழு உதவித்தொகைகள் என்ற வரம்பு இருந்தது. 2025-26 முதல், விளையாட்டு மாணவர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் தர வழிசெய்யும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அதற்குப் பதிலாக அணியில் 9 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. இதனால் அணியில் வெறுமனே பெயரளவில் இருக்கும் இடங்கள் குறையக்கூடும், ஆகவே அணியில் இடம் என்பது எழுத்துவடிவில் உறுதியா என்று கேளுங்கள். படிப்பைப் பற்றிய கவலைக்கு, கல்விக் கௌரவப் பட்டியலையும் பாருங்கள். பெண்கள் கோல்ஃப் பயிற்சியாளர்கள் சங்கத்தின் கல்விக் கௌரவத்துக்குக் 4-க்குக் குறைந்தது 3.5 சராசரி மதிப்பெண் வேண்டும். ஓர் அணியிலிருந்து ஆண்டுதோறும் பலர் அதைப் பெறுகிறார்கள் என்றால், பயணத்தால் தவறும் வகுப்புகளை அங்கே ஒழுங்காக ஈடுசெய்கிறார்கள் என்று நம்பலாம்.

இரு பயிற்சியாளர்களிடமும் மகளே நேரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: போட்டிக்குச் செல்லும் ஐவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? தகுதிச் சுற்றுகளின் ஸ்கோரை வைத்து என்றால், முதலாண்டு மாணவிக்கும் முதல் வாரத்திலிருந்தே வாய்ப்பு உண்டு. பயிற்சியாளரின் தேர்வு என்றால், எத்தனை இடங்கள் அப்படி நிரப்பப்படுகின்றன என்றும் கேட்கட்டும். இலையுதிர்காலப் போட்டிகள் செப்டம்பரில் தொடங்கும். பெரும்பாலான கல்லூரிப் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இரு அணிகளும் டெக்சாஸில் எங்காவது ஆடும் நாளைப் பார்த்து மகளை அழைத்துச் செல்லுங்கள். விருது பெற்றவரின் பின்னால் நடக்காமல், ஐந்தாவதாக ஆடுபவரின் பின்னால் பதினெட்டுக் குழிகளும் நடந்து பார்க்கட்டும்.