புது வீட்டின் வரைபடம்: ஐந்து பேருக்கு நாலறை வீடு போதுமா?

கேள்வி: தெங்காவில் எங்களுக்கு நாலறை பிடிஓ வீடு (வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவக, முன்பதிவின் பேரில் கட்டித் தரும் வீடு) கிடைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு சாவி வாங்குவோம். நான், கணவர், 11 வயது மகள், 7 வயது மகன், முழங்கால் வலியுள்ள 74 வயது மாமியார் என நாங்கள் ஐவர். மூன்றாவது படுக்கையறையின் சுவரை இடித்து வசிப்பறையோடு சேர்த்து, சமையலறையையும் திறந்தவாறு அமைத்தால் வீடு பெரிதாகத் தெரியும் என்று ஓர் உள்வடிவமைப்பு நிறுவனம் சொல்கிறது. அவர்கள் காட்டிய படம் மிகவும் அழகாக இருக்கிறது. மாமியார், தாம் வசிப்பறையில் மடக்குக் கட்டிலில் படுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்? (வாசகி, ஈசூன்)

பதில்: அந்தச் சுவரை இடிக்க வேண்டாம். மாமியார் அப்படிச் சொல்வது அவருடைய பெருந்தன்மை. அதை நம்பி வீட்டைத் திட்டமிடக் கூடாது. இரவு பத்து, பதினொரு மணிவரை பிள்ளைகளும் பெரியவர்களும் நடமாடுகின்ற இடத்தில், ஒன்பது மணிக்கே படுக்க விரும்பும் ஒருவருக்கு ஓய்வு கிடைக்காது. பகலில் சற்றுத் தலைசாய்க்கவும், புடவை மாற்றவும், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளவும் அவருக்குக் கதவுள்ள ஓர் அறை வேண்டும். உங்கள் மகளும் சாவி கிடைக்கும் வேளையில் உயர்நிலைப் பள்ளியை எட்டிவிடுவார். தம்பியுடன் ஒரே அறையில் நெடுநாள் இருக்க அவருக்கும் இயலாது.

நாலறை வீடு என்னும்போது வசிப்பறையும் ஓர் அறையாக எண்ணப்படுகிறது, படுக்கையறைகள் மூன்றுதான். அண்மைய பிடிஓ வரைபடங்களில் நாலறை வீட்டின் பரப்பு ஏறத்தாழ 93 சதுர மீட்டர் என்று போட்டிருக்கும். குளிரூட்டியின் வெளிப்பகுதியை வைக்கும் திட்டைக் கழித்தால் உள்பரப்பு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். இரண்டு கழிவறைகளும், உட்சுவர்களும், ‘பாம் ஷெல்டர்’ என்று நாம் எல்லாரும் சொல்லும் பாதுகாப்பறையும் அந்த 90க்குள் அடங்கியவை. ஆகவே, மொத்தப் பரப்பைப் பார்த்து மனம் நிறைவதைக் காட்டிலும், ஒவ்வோர் அறையின் நீள அகலத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்வது நல்லது.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். சிறிய படுக்கையறை ஒன்று 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கு விற்கப்படும் குவீன் மெத்தையின் அகலம் 152 சென்டிமீட்டர், நீளம் 190 சென்டிமீட்டர். துணி அலமாரிக்கு 60 சென்டிமீட்டர் ஆழம் தேவை. கட்டிலை ஒரு சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிர்ச் சுவரில் அலமாரியை வைத்தால், இரண்டுக்கும் இடையே 88 சென்டிமீட்டர் மிஞ்சும். அலமாரிக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதாக இருந்தால், அதைத் திறக்கும்போது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். பக்கவாட்டில் நகரும் கதவு என்றால் அந்தச் சிக்கல் இல்லை. கட்டிலை நடுவில் போட்டாலோ இரு பக்கமும் 44 சென்டிமீட்டர்தான், ஒருவர் உடலைத் திருப்பிக்கொண்டே நடக்க வேண்டும். நிறுவனங்கள் காட்டும் முப்பரிமாணப் படங்களில் இந்த நெருக்கம் தெரியாது. படத்தில் உள்ள கட்டிலின் அளவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி, யாருக்கு எந்த அறை என்பது. பிரதான படுக்கையறையை மாமியாருக்கும் மகளுக்கும் கொடுங்கள் என்பது என் கருத்து. பெரிய அறை வீட்டுத் தலைவருக்கு உரியது என்ற எண்ணம் நம் குடும்பங்களில் ஆழமாக ஊறியிருப்பதால் பலர் இதற்குத் தயங்குகிறார்கள். அந்த அறையோடு கழிவறை இணைந்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பின்னிரவு இரண்டு மணிக்கு விளக்குப் போடாமல், வசிப்பறையையும் சமையலறை ஓரத்தையும் கடந்து பொதுக் கழிவறைக்குச் செல்ல வேண்டியிருக்கும் மூதாட்டி, இந்த அறையில் என்றால் பத்து அடிக்குள் சுவரைப் பிடித்தபடியே போய் வரலாம். 107 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு சூப்பர் சிங்கிள் மெத்தைகளைப் போட்டு நடுவே வழி விடுவதற்கு அந்த அறையில்தான் இடம் இருக்கும். பிற்காலத்தில் சக்கர நாற்காலி தேவைப்பட்டால், அது ஓரிடத்தில் நின்று முழுமையாகத் திரும்புவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும் என்பதையும் இப்போதே மனத்தில் வையுங்கள்.

கழிவறையைப் பற்றி முன்கூட்டியே முடிவெடுங்கள். புதிய வீவக வீட்டில், கட்டடம் கட்டி முடிக்கப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குக் கழிவறையின் சுவர் ஓடுகளையும் தரை ஓடுகளையும் உடைத்தெடுக்க அனுமதி இல்லை. அவற்றின் அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த விதி. ஆகவே ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று விற்பனையாளர் சொன்னால், எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என்று கேளுங்கள். கைப்பிடிகளுக்கும் வழுக்காத தரைக்கும் வீவகவின் ஈஸ் திட்டம் மானியம் தருகிறது. 65 வயதைக் கடந்தவர் இருக்கும் சிங்கப்பூர்க் குடும்பம் என்பதால் உங்களுக்குத் தகுதி உண்டா என்று விசாரித்துவிட்டு, அதன்பின் தனியாரிடம் விலை கேளுங்கள்.

திறந்த சமையலறையைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டில் வாரத்தில் எத்தனை நாள் தாளிக்கிறீர்கள் என்பதே கேள்வி. கடுகும் காய்ந்த மிளகாயும் பொரியும் நெடியும், மீன் குழம்பின் வாடையும் சோபாத் துணியிலும் திரைச்சீலையிலும் ஏறிவிட்டால் எளிதில் போவதில்லை. மகள் வசிப்பறையில் படிக்கப் போகிறார் என்றால் அரவை இயந்திரத்தின் சத்தமும் சேர்ந்துகொள்ளும். வெளிச்சம் வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், சமையலறை வாசலில் நகரும் கண்ணாடிக் கதவு போடுங்கள். சமைக்கும் நேரத்தில் மூடி, மற்ற நேரத்தில் திறந்துவைக்கலாம். இடிக்கக்கூடிய சுவராக இருந்தாலும் அதற்கு வீவகவின் அனுமதி தேவை. தூண், உத்தரம், பாதுகாப்பறையின் சுவர் ஆகியவற்றில் கை வைக்கவே கூடாது. பாதுகாப்பறையின் இரும்புக் கதவையும் கழற்றக் கூடாது. அதன் காற்றுத் துளைகளை மறைக்காமல், கிரைண்டரையும், அரிசி மூட்டையையும், பொங்கல் பானைகளையும் அங்கே அடுக்கலாம். எங்கள் வீட்டில் அந்த அறைதான் மிகவும் பயன்படுகிறது.

பூசை இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். கடைசியில் மிச்சமாகும் மூலையை அதற்கு ஒதுக்கும் பழக்கம், விளக்கேற்றும் குடும்பத்துக்கு ஆபத்தானது. திரைச்சீலைக்கும் மேலே தொங்கும் அலமாரிக்கும் அடியில் விளக்கு இருக்கலாகாது. 2018 ஜூன் 1 முதல் புது வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால், சாம்பிராணிப் புகை நேரே அதை நோக்கி எழாத இடமாகவும் பாருங்கள். அத்தோடு, கிரைண்டர், மிக்சி, அரிசிக் குக்கர், தண்ணீர் கொதிகலன், மாமியாரின் கட்டிலருகே இரவு விளக்கு என ஒவ்வொன்றுக்கும் பிளக் பாயிண்ட் எங்கே என்று அதே தாளில் எழுதுங்கள். விலை பேசி முடித்தபின் கேட்கும் ஒவ்வொரு பாயிண்டும் தனிச் செலவு.

இவ்வளவையும் எழுதியபின், இப்போதைய வீட்டின் தரையிலேயே ஒட்டுநாடாவால் புது அறையின் அளவைக் குறித்து, கட்டில் இங்கே, அலமாரி இங்கே என்று குடும்பத்தார் எல்லாரும் நடந்து பாருங்கள். மாமியாரையும் நடக்கச் சொல்லுங்கள். தோ பாயோ வீவக நடுவத்தில் உள்ள மாதிரி வீடுகளையும் ஒரு நாள் அளவுநாடாவோடு போய்ப் பார்க்கலாம்.

கேள்வி: பொங்கோலில் இரண்டு வீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவாசல் கிழக்கு நோக்கிய வீடுதான் வேண்டும் என்கிறார் என் தந்தை. எனக்கு மற்ற வீட்டின் காற்றோட்டம் பிடித்திருக்கிறது. (வாசகர், செங்காங்)

பதில்: தந்தையின் நம்பிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால், நம் ஊர்களில் திண்ணையும் முற்றமும் கொண்ட வீட்டில் வாசலும் வெளிச்சமும் ஒரே பக்கம் இருந்தன. அடுக்குமாடியில் அப்படி இல்லை. இங்கே தலைவாசல் பெரும்பாலும் நடைபாதையைப் பார்த்திருக்கும். சன்னல்கள் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அப்படியானால், கிழக்கு வாசல் வீட்டின் படுக்கையறைச் சன்னல்கள் மேற்கு வெயிலை வாங்கும். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 1 பாகை வடக்கே இருப்பதால், ஆண்டு முழுவதும் சூரியன் உதிக்கும் இடமும் மறையும் இடமும் நேர் கிழக்கிலிருந்தும் நேர் மேற்கிலிருந்தும் ஏறத்தாழ 23 பாகைக்கு மேல் விலகுவதில்லை. பிற்பகல் மூன்று மணி முதல் ஏழு மணிவரை சுவர் உறிஞ்சும் சூட்டை, இரவெல்லாம் குளிரூட்டியைப் போட்டுத்தான் வெளியேற்ற வேண்டியிருக்கும்.

வரைபடத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். வாசலோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு சன்னலின் திசையையும் அதைக்கொண்டு குறித்துப் பாருங்கள். வடக்கும் தெற்கும் திறந்த வீடாக இருந்தால், டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றும், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் வீட்டுக்குள் புகுந்து வெளியேற வாய்ப்பு அதிகம். இரு வீடுகளின் தாளையும் தந்தைக்கு முன் விரித்து, அவர் எந்த அறையில் மதியம் தூங்குவார் என்று கேட்டு, அந்த அறையின் சன்னலைக் காட்டிப் பேசுங்கள். கிழக்குச் சன்னல் உள்ள அறையில் பூசை இடம் அமைத்துத் தருவதாகச் சொன்னால், அவர் மனம் இளகக்கூடும்.

கேள்வி: வரைபடம் நன்றாக இருக்கிறது, வீட்டைப் புதுப்பித்துத் தரும் குத்தகையாளர் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். முதலில் அவர் பெயர் வீவகவின் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்; பட்டியலில் இல்லாதவர் வீவக வீட்டில் புதுப்பிப்புப் பணி செய்யக் கூடாது. அடுத்து, சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் முத்திரை பெற்ற நிறுவனமா என்று பாருங்கள். அந்த முத்திரை பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்கள் வாடிக்கையாளரின் முன்பணத்துக்குக் காப்புப் பத்திரம் தர வேண்டும். நிறுவனம் நடுவழியில் மூடப்பட்டால் அதுவே உங்களுக்குக் காப்பு. எதுவானாலும், வேலை முன்னேறும் கட்டத்துக்கு ஏற்பத் தவணையாகச் செலுத்துவதாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கடைசித் தவணை, குறைகள் எல்லாம் சரிசெய்யப்பட்ட பின்னரே தரப்படும் என்றும் அதில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அளவுகள் போட்ட வரைபடம் ஒப்பந்தத்தின் பகுதியாக இணைக்கப்பட்டு, இரு தரப்பும் அதில் கையெழுத்திடுவது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் துணி அலமாரி 15 சென்டிமீட்டர் குட்டையாக வந்தது. வாயால் சொன்ன அளவுக்குச் சான்று இல்லாததால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தகராறு என்று வந்தால், சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை கேட்கலாம். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளிவரை கேட்கலாம். 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வங்கிப் புதுப்பிப்புக் கடனுக்கும் உச்சவரம்பு 30,000 வெள்ளி அல்லது மாத வருமானத்தின் ஆறு மடங்கு, இவற்றில் எது குறைவோ அதுதான் என்பதால், ஒப்பந்தத் தொகை அதைத் தாண்டினால் மிச்சம் எங்கிருந்து வரும் என்று முன்பே கணக்குப் பாருங்கள்.

புது வீடு என்றால், சாவி வாங்கிய உடனே குத்தகையாளரை உள்ளே விடாதீர்கள். வீவகவின் குறைசரிசெய்யும் காலம் ஓராண்டு. விரிசல், ஒழுகல், சரிந்த தரை ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்து, புதுப்பிப்பு தொடங்கும் முன்பே முறையிட்டு சரிசெய்து வாங்குங்கள். ஆணி அடித்துச் சுவரைத் துளைத்தபின், அந்த விரிசல் யாரால் வந்தது என்று நிரூபிப்பது கடினம்.